நான் சரோஜாவாக வேவு பார்த்த கதை

“பேர் என்னம்மா?” என்று டீச்சர் கேட்டார்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பெயர், அந்த வாசலில் நின்றதும் எங்கோ ஓடிப்போயிருந்தது. மை வாடையும் மண்ணெண்ணெய் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏறின. உள்ளே ஒரு பெண் புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஓர் இரும்பு மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். அது தடக் தடக்கென்று வாயைத் திறந்து மூடியது. திறக்கும்போதெல்லாம் அவள் உள்ளே கையை விட்டுக் காகிதத்தை எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை முழுசாகத் திரும்பி வருமா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“பேர் வைக்காமலா வளர்த்தாங்க?” என்றார் டீச்சர்.

“சரோஜா” என்றேன்.

அந்தப் பொய்யோடுதான் நான் திண்டிவனத்தில் போலீசுக்கு வேவுக்காரி ஆனேன்.

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிக்கிறவர்களுக்கு என் நிஜப் பெயர் கோவிந்தம்மாள் என்று தெரியும். என் வீட்டுக்காரர் ஏகாம்பரத்தையும் தெரியும். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு வரி: அவர் போலீஸ் கான்ஸ்டபிள், நல்ல மனிதர், அரிசிச் சோறு இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவர் இருந்தவரைக்கும் நான் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. இப்போது வாரத்துக்கு நாலு தடவை அச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சோடாக்கடையில் ஒன்பது நாள்

சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். சரியாக எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். அந்த வருஷம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, நன்றாக விளைந்தது, அதுதான் நினைவிருக்கிறது.

விழுப்புரத்திலிருந்து அவரைத் திண்டிவனத்துக்கு மாற்றியிருந்தார்கள். அதுவும் காக்கிச் சட்டை போடாத ரகசிய வேலைக்கு. அப்போது திண்டிவனத்தில் இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார்கள். எழுதுவது, எழுத்துக் கோப்பது, அச்சடிப்பது, மடித்துத் தைத்துத் தபாலில் போடுவது எல்லாம் பெண்களே. ஆண் வாடையே கிடையாது. பத்திரிகையின் பெயர் ‘அரிவாள்மணை’.

ஒருத்தர் ரீத்தம்மா டீச்சர், கிறிஸ்தவர். வயசுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திவிட்ட ஒரு மாணவியின் வீட்டுக்குப் போய், அவளைத் திரும்ப அனுப்புகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்தவர். பெண்ணின் அப்பா ஊரில் பெரிய புள்ளி. பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், டீச்சருக்கு வேலை போயிற்று. இன்னொருத்தி கமலவேணி, கண்டாச்சிபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். இருபத்திரண்டு வயதில் புருஷனை இழந்தவள். தன் பங்கு நிலத்தை விற்று அந்த மிதி மெஷினை வாங்கினாள். சொந்தக்காரர்கள் அவளோடு பேச்சை விட்டார்கள். அதனால் வேலை செய்ய நிறைய நேரம் கிடைத்தது என்று அவளே சொல்வாள்.

‘அரிவாள்மணை’ என்று பெயர் வைத்தது டீச்சர். பெண்பிள்ளை தினமும் கையாள்கிற ஆயுதம் அது ஒன்றுதானே என்பது அவர் வாதம். ஆனால் விழுப்புரத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் காதில் ‘அரிவாள்’ மட்டும்தான் விழுந்தது. அட்டை வேறு சிவப்பாக இருந்தது. மெஷினை விற்றவன் மிச்சம் வைத்துவிட்டுப் போன மை அந்த நிறம், வேறு காரணம் இல்லை. “அரிவாள் இருந்தா சுத்தியலும் எங்கியாவது இருக்கும், தேடு” என்று என் வீட்டுக்காரருக்கு உத்தரவு வந்தது.

அவரும் போய் அச்சகத்துக்கு எதிர்ச் சோடாக்கடையில் நின்றார். வேட்டி, தலையில் துண்டு, வாயில் வேப்பங்குச்சி. பார்த்தால் மாட்டு வியாபாரி மாதிரி இருந்தார். ஆனால் அந்தக் காலத்துக் கான்ஸ்டபிள்களுக்கு அரைக்கால் நிஜார், கீழே கெண்டைக்காலில் சுற்றிக் கட்டின பட்டி. வெயில் படுவது முழங்கால் மட்டும்தான். அவர் வேட்டியை மடித்துக் கட்டினால் மேலே சிவப்பு, நடுவில் கறுப்பு, கீழே சிவப்பு என்று கால் மூன்று பட்டையாகத் தெரியும். ஊர் முழுக்கப் படித்துவிட்டது. ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில் கமலவேணி ஒரு சொம்பு மோர் கொடுத்தனுப்பி, “போலீஸ்காரருக்குக் குடு, பாவம் காலையிலேர்ந்து நிக்கிறாரு” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லியிருக்கிறாள்.

அவர் மோரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டார்.

உள்ளே போக ஒரு பெண் வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அந்த ஸ்டேஷனில் பெண்ணுக்கு எங்கே போவது? நாங்கள் ஊருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என்னை யாருக்கும் தெரியாது. நான் ஒலக்கூர் பக்கத்தில் எட்டாவது வரைக்கும் படித்தவள். அவர் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார்.

“நாலு மாசம் போய் குந்திக்கினு வா. காதுல விழறத எங்கிட்ட சொல்லு, அவ்ளோதான். ஹெட் கான்ஸ்டபிள் ஆயிடுவேன்.”

தேசபக்தியால் ஒப்புக்கொண்டேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். நிஜம் என்னவென்றால், தினமும் காலையில் வீட்டை விட்டு வெளியே போக எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. அதற்காக நான் யாரை வேண்டுமானாலும் வேவு பார்த்திருப்பேன்.

இடமிருந்து வலம், தலைகீழாக

முதல் வாரம் முழுக்க, சரோஜா என்று கூப்பிட்டால் நான் திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவேன். பெரிய அழுத்தக்காரி என்று முடிவு கட்டினார்கள்.

புருஷன் பாண்டிச்சேரி மில்லில் வேலை பார்க்கிறான் என்று சொல்லும்படி என் வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். டீச்சருக்குப் பாண்டிச்சேரி தண்ணீர் பட்ட பாடு. எந்த மில், எந்தத் தெரு, கடற்கரைக்குப் போனீர்களா என்று ஆசையாகக் கேட்பார். நான் அதுவரைக்கும் கடலையே பார்த்ததில்லை. “கூட்டமா இருந்துச்சு, சரியா தெரியல” என்று சொல்லிச் சமாளித்தேன்.

எனக்கு எழுத்துக் கோக்கிற வேலை கொடுத்தார்கள். ஈய எழுத்துக்கள் மரப்பெட்டியில் அறை அறையாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கையிலிருக்கும் இரும்புச் சட்டத்தில் வரிசையாக அடுக்க வேண்டும். எல்லாம் தலைகீழாக, கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருக்கும். முதல் நாள் ‘கணவன்’ என்று கோத்தது அச்சில் ‘கவணன்’ என்று வந்தது. டீச்சர் அதைத் திருத்த மனசில்லாமல் ரொம்ப நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டில் நான் சொல்லச் சொல்ல என் வீட்டுக்காரர் எழுதுவார். அவருக்கென்று ஒரு ரிப்போர்ட் நடை இருந்தது. “கேப்பைக் கூழு குடிச்சிக்கினு சிரிச்சிக்கினு இருந்தாங்க” என்று நான் சொன்னால், ‘மேற்படி பெண்கள் கூழ் என்னும் பானத்தை அருந்தியபின், காரணம் அறிய முடியாத வகையில் சிரித்தனர்’ என்று எழுதுவார். என்ன காரணம் என்று கேட்டார். ஒருத்தி இன்ஸ்பெக்டர் மாதிரி நடந்து காட்டினாள் என்று சொன்னேன். என் வீட்டுக்காரரே சிரித்துவிட்டு, அதை எழுதாமல் விட்டார்.

புதன்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் நடக்கும். இன்ஸ்பெக்டருக்கு அந்தச் சாத்தின கதவுமேல்தான் கண். உள்ளே அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் அவித்த மல்லாட்டையை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டீச்சர் அச்சுக்குப் போக வேண்டியதை வாசிப்பார். ஒரு புதன்கிழமை ஒரு நர்சம்மா வந்து, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் நடுவே இடைவெளி விடுவது எப்படி என்று படம் போட்டே விளக்கினார். நான் அதை ஒன்றுவிடாமல் வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் காது மடல்வரைக்கும் சிவந்து, பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த வார ரிப்போர்ட்டில் ‘பயிர்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி குறித்துப் பேசப்பட்டது’ என்று இருந்தது.

இரண்டு மாதத்தில் என் விரல் தானாக எழுத்தைத் தேடிப் போனது. புத்தி சொல்வதற்கு முன்னால் கை எடுத்துவிடும். அந்தச் சந்தோஷத்தை நான் ரிப்போர்ட் பண்ணவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகம்

ஓர் இதழில் ‘ஞாயிற்றுக்கிழமை அடுப்புக்கு லீவு’ என்று டீச்சர் கட்டுரை எழுதினார். எழுத்துக் கோத்தது நான். ஆபீசுக்கு லீவு, கோர்ட்டுக்கு லீவு, அடுப்புக்கு ஏன் இல்லை என்று கேட்டிருந்தார். அது வெளிவந்த அடுத்த ஞாயிறு விழுப்புரத்தில் இன்ஸ்பெக்டர் ஓட்டலில் சாப்பிட்டாராம். பத்திரிகை அவர் வீட்டுக்குள் எப்படிப் போனதென்று அவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை உத்தரவு வந்தது: யார் யாருக்குப் பத்திரிகை போகிறது, முழுப் பட்டியல் வேண்டும்.

பட்டியல் இருந்தது. கமலவேணியின் டிரங்குப் பெட்டியில், நீல அட்டை போட்ட நோட்டு. அதில் முக்கால்வாசிப் பெண்களுக்குப் பத்திரிகை நேராக வீட்டுக்குப் போகாது. தையற்காரி வீட்டுக்குப் போகும், வளையல்காரி வீட்டுக்குப் போகும். ஒருத்திக்கு ரேஷன் கடைக்குப் பக்கத்து மாவு மெஷினில் கோதுமைத் தவிட்டுக்குள் வைத்துக் கொடுப்பார்கள். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வழி எழுதியிருக்கும். வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

பட்டியல் கைக்கு வந்ததும் வீடு வீடாகப் போலீஸ் போய் வீட்டு ஆம்பிளைகளிடம் விசாரிக்கும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை எடுத்துத் தருகிறேன் என்று வாயால் மட்டும் சொல்லிவைத்தேன்.

கிளிப்பச்சைச் சேலை

புதன்கிழமை என் கையில் ஒரு வாசகியின் கடிதம் வந்தது. பேரையும் ஊரையும் டீச்சர் மை போட்டு அடித்திருந்தார். எழுத்துக் கோக்கிறவள் மற்றவர்களைப் போலப் படிப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கும்போது அர்த்தம் ரொம்ப மெதுவாக வரும்.

‘என் அண்ணன் போலீஸில் இருக்கிறார். அதனால் இவர்கள் என்மேல் கை வைக்க மாட்டார்கள் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இவர்கள் வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிக்கிறார்கள். எனக்கு இடது காது இப்போது கேட்பதில்லை. பொங்கலுக்கு அண்ணன் வாங்கிவந்த கிளிப்பச்சைச் சேலையை மாமியார் எடுத்துக்கொண்டார்.’

கிளிப்பச்சை என்று கோத்தபோது என் கை நின்றது. அந்தச் சேலையை விழுப்புரத்துக் கடையில் பொறுக்கி எடுத்தவள் நான். என் நாத்தனார் அலமேலுவுக்காக எடுத்தது. அவளைக் கண்டமங்கலத்தில் கொடுத்திருந்தது. பொங்கலுக்குப் போனபோது நான் கூப்பிட்டதற்கு அவள் திரும்பவே இல்லை. கல்யாணமானதும் திமிர் வந்துவிட்டது என்று வழியெல்லாம் அவரிடம் குறை சொல்லிக்கொண்டு வந்தேன்.

கடிதத்தை முழுக்கக் கோத்து முடித்தேன். ஒரு பிழை இல்லை. சரிபார்க்க எடுத்த அச்சுத்தாளில் ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். நாலு மாதத்தில் அங்கிருந்து நான் எடுத்துவந்த ஒரே காகிதம் அது.

அவர் கை கால் கழுவிக்கொண்டு வந்ததும் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே, வேறு யாராவது இருக்கும், ஊரில் எத்தனையோ போலீஸ்காரனுக்குத் தங்கச்சி இருக்கிறாள் என்றார். சேலை வந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கித் தானே படித்தார்.

“உங்க தங்கச்சி பேரு அந்த நோட்டுல இருக்குதுங்க” என்றேன். “நாளைக்கு உங்க ஆளுங்களே போய் அவ மாமியார்காரிகிட்ட விசாரிப்பாங்க. நான் எடுத்தாரவா?”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். பிறகு திரும்பி வந்து, “அவ எனக்கு எழுதல பாரு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கண்டமங்கலத்தில் அலமேலு கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாளாம். இவர் அவளுக்கு இடது பக்கம் போய் நின்று மெதுவாகப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் துவைத்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு தடவை சொன்னார். அப்புறம் சுற்றி வந்து வலது பக்கம் நின்று கூப்பிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னது பல வருஷம் கழித்து, ஒரே ஒரு தடவை.

சாயங்காலம் அலமேலுவோடு வந்து இறங்கினார். அந்த வார ரிப்போர்ட்டை என்னிடம் எதுவும் கேட்காமல் தானே எழுதினார். ‘மேற்படி பத்திரிகைக்குப் பட்டியல் ஏதும் இல்லை. வருகிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள்.’ ஹெட் கான்ஸ்டபிள் பதவி அன்றைக்கே போய்விட்டது. அப்புறம் ரொம்ப நாள் கழித்து, வயிறு தொந்தியான பிறகு வந்தது.

கமலவேணி பேசவில்லை

நான் போய் உண்மையைச் சொன்னேன். அதற்கு இரண்டு நாள் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். என்னென்ன சொன்னாய் என்று விசாரித்தார். கூழ், சிரிப்பு, பயிர் இடைவெளி எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பயிர் இடைவெளியில் அவர் வாய் கோணியது, ஆனால் சிரிக்கவில்லை. கடைசியில், “கைய கழுவிக்கினு வாம்மா, பன்னண்டாம் பக்கம் பாதியில நிக்குது” என்றார்.

கமலவேணி மெஷினை நிறுத்தினாள்.

“உங்க வூட்டுக்காரரு எதிர்ல நின்னாரு, மோர் குடுத்தேன். நீ எங்கூட ஒரே தட்டுல தின்ன.”

அதோடு சரி. அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. நாள் கணக்கில் இல்லை, மாதக் கணக்கில். நான் கோத்ததை அவள்தான் அச்சடிக்க வேண்டும், அதனால் என் கையிலிருந்து வாங்கிக்கொள்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அவள் செய்தது தப்பென்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. நானும் தினமும் போனேன். வேறு எங்கே போவது?

அலமேலுவும் என்னோடு வர ஆரம்பித்தாள். அவளுக்கு மெஷின் மிதிக்கக் கற்றுக்கொடுத்தது கமலவேணிதான். எப்போதும் வலது பக்கமாக நின்று சொல்லிக்கொடுப்பாள். நான் பெட்டிக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை. சில மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்தே வேறு ஆட்களை அனுப்பிச் சோதனை போட ஏற்பாடு செய்தார். அது என் வீட்டுக்காரர் காதுக்கு வந்தது. அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாக அச்சகத்து வாசற்படி ஏறினார். உள்ளே வராமல் தூணைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“டீச்சர், திங்கக்கிழமை வீட்ட பெருக்கி சுத்தமா வச்சிக்குங்க. ஜல்தியா பெருக்குங்க.”

டீச்சர் அவருக்கு நன்றி சொன்னார். கமலவேணி உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து படியில் வைத்தாள். அவரிடமும் பேசவில்லை.

நோட்டை என்ன செய்வது? எங்கே ஒளித்தாலும் தேடுவார்கள். எரித்தால் பத்திரிகையை யாருக்கு அனுப்புவது? மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்று அலமேலு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதில் அவள் கெட்டிக்காரி. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்தார்கள். விழுப்புரம் டீச்சருக்கு, கண்டமங்கலமும் அந்த ரோட்டு ஊர்களும் அலமேலுவுக்கு, கண்டாச்சிபுரம் கமலவேணிக்கு. நான் பெட்டியில் எழுத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.

கமலவேணி நோட்டோடு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“ஒலக்கூர் பக்கம் நீ வச்சிக்க” என்றாள். “நான் சொல்றேன், திருப்பிச் சொல்லு.”

ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னேன். நாலாவது பெயரைச் சொல்லாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடித்துவிட்டு வா என்றாள். வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கண்டிப்பான வாத்தியார் அவள். எல்லோருக்கும் மனப்பாடம் ஆனதும் நோட்டை அடுப்பில் போட்டோம்.

திங்கட்கிழமை வந்தவர்கள் பானையைக்கூட விடாமல் பார்த்தார்கள். சந்தேகத்துக்கு இடமாக ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. நார்த்தங்காய் ஊறுகாய் செய்முறை. ‘மூன்று நாள் இருட்டில் வை, நாலாம் நாள் வெளியே எடு’ என்று இருந்ததை ரகசியச் செய்தி என்று எடுத்துப்போனார்கள். திருப்பித் தரவே இல்லை. அந்த மாத இதழ் ஊறுகாய் இல்லாமல் வெளிவந்தது.

பத்திரிகை அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் நடந்தது. நின்றது எப்படி என்பது வேறு கதை. டீச்சரும் கமலவேணியும் இப்போது இல்லை. எனக்கு நேற்று என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துபோகிறது, ஒலக்கூர் பக்கத்து இருபத்தாறு பெயர்களும் அவர்களுக்குப் பத்திரிகை போன வழியும் மறக்கவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாக வரும்.

போன வாரம் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் போனில் பேசினார். அந்தப் பெயர்களில் நாலைந்தைப் போட்டால் கட்டுரை நன்றாக இருக்குமே, இத்தனை வருஷம் ஆகிவிட்டதே என்றார். நல்ல மனிதர், ஆசையாகத்தான் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்களில் ஐந்து பேர் இன்னும் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு வீட்டுக்காரரும் இருக்கிறார்.